சி பிளாக்கில் முன்னூறு லிட்டர்

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்த பதினெட்டாவது நிமிடம் அழைப்பு மணி அடித்தது. சாய்சரண் கதவைத் திறந்தான். ஏ பிளாக் அப்துல் சமத் நின்றிருந்தார். கையில் அதே பட்டியல். நான்கு மூலையிலும் குண்டூசித் துளை.

"தம்பி, முப்பத்தாறு வீட்ல ஃபர்ஸ்ட் ரேங்க் எனக்கா?"

"ரேங்க் இல்ல சார். ஒரு நாளைக்கு சராசரியா எவ்வளவு தண்ணின்னு..."

"எண்ணூத்தி நாப்பது லிட்டர். சரி, ஒத்துக்கறேன். எங்க வீட்ல எத்தனை பேருன்னு தெரியுமா?"

சாய்சரணுக்குத் தெரியாது.

"ஏழு பேர். என் வீட்டம்மா வஜீஹா, மகன், மருமக, பேரப் பசங்க மூணு, அப்புறம் நான். எதிர் வீட்ல ரெண்டே பேர். அவங்க ஐநூறு லிட்டர். இப்ப சொல்லுங்க, தண்ணிய வேஸ்ட் பண்றது யாரு?"

அவர் சொன்னது சரி. புள்ளியியலில் முதுகலை படித்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஐந்து மாதமாகச் சாய்சரணுக்கு எதுவும் முதலில் தோன்றுவதில்லை.

"தலைக்கு எவ்வளவுன்னு மாத்திப் போடறேன் சார்."

"போடுங்க. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்று பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்துல் சமத் படியிறங்கினார்.

அடையாறில் அந்தக் குடியிருப்புக்கு மூன்று பிளாக், பிளாக்குக்குப் பன்னிரண்டு வீடு. கோடையில் லாரித் தண்ணீர் நாளைக்கு மூன்று லோடு வந்துகொண்டிருந்தது இரண்டாகக் குறைந்தது. மாலை நான்கு மணிக்கெல்லாம் குழாய்கள் காற்று விட்டன. யார் வீட்டில் தண்ணீர் வீணாகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று சங்கம் முடிவு செய்தது. வாட்ச்மேன் எத்திராஜ் ஏப்ரல் மூன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மாடி மாடியாக ஏறி, முப்பத்தாறு மீட்டர்களையும் பார்த்து ஒரு நீளநோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். மூன்று மாதம் எழுதிய பிறகுதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது.

சங்கச் செயலாளர் சங்கரன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், நோட்டைத் தூக்கிக்கொண்டு சாய்சரணிடம் வந்தார்.

"நீ ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸ்ல இதே வேலைதானே பண்றே? நம்பரைப் பார்த்து யார் என்னன்னு சொல்றது?"

"கிட்டத்தட்ட."

"அப்போ ஞாயித்துக்கிழமை பண்ணிக் குடுத்துடேன். நோக்கும் பொழுது போகும்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் சங்கரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாய்சரண் நோட்டை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி மாளவிகா பிப்ரவரியில் இறந்தாள். டெங்கு, ஆறு நாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். அவனுடைய சி ஒன்பதைக் கணக்கில் சேர்க்க மாட்டான். அளக்கிறவனே தன் வீட்டை அளப்பது முறையில்லை. சங்கரன் நெகிழ்ந்துபோய், "இந்த நேர்மை யாருக்கு வரும்?" என்றார்.

தலைக்கு இவ்வளவு என்று இரண்டாவது பட்டியல் மறுநாளே ஒட்டப்பட்டது. அப்துல் சமத் முதலிடத்திலிருந்து இருபத்தொன்பதாம் இடத்துக்கு இறங்கி, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சலாம் சொன்னார். முதலிடத்துக்கு சி பிளாக் விசாலாக்ஷி மாமி வந்தாள். தனி ஆள். நாளொன்றுக்கு முன்னூற்றுப் பத்து லிட்டர்.

மாமி அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவு திறந்திருந்ததால் நேராக உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னப்பா, நான் என்ன யானையா?"

"மாமி, அது வந்து..."

"நான் ஒண்டிக்கட்டைதான். அதுக்காக அரை வீட்டையா பெருக்கித் துடைக்க முடியும்? வாசலுக்குப் பாதி ஜலம் தெளிப்பாளா? ஒரு கை அரிசின்னாலும் மூணு தரம்தான் களையணும். பாத்ரூம் அலம்பினா முழு பாத்ரூமும் அலம்பணும். ஆள் போனா ஜலமும் போயிடுமா? உனக்குத் தெரியாததா?"

"தெரியும் மாமி."

மாமி அவனைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"சாப்பிடறியா?"

"மெஸ்லேர்ந்து வருது."

"பதிமூணு நாளும் நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாமே. உங்க மாமியார் மயிலாப்பூர்லேர்ந்து எனக்கு ஃபோன் பண்ணிப் பண்ணி அதையேதான் சொல்லிண்டிருக்கா. பிள்ளை கல்லு மாதிரி இருக்கான், பயமா இருக்குங்கறா."

"அவங்க என்கிட்டயும் சொன்னாங்க."

"அழுதுடணும்ப்பா."

"சரி மாமி."

அழச் சொன்னால் சரி என்கிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் மாமி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, "முன்னூத்திப் பத்தை அழிச்சுடு" என்றாள்.

அழிக்கவில்லை. ஆனால் மாமி சொன்னதில் விஷயம் இருந்தது. ஆள் எத்தனை ஆனாலும் வீடு என்று ஒன்று இருந்தால் அதற்கென்று ஒரு தண்ணீர் உண்டு. அதற்கு மேல்தான் ஆளுக்கு இவ்வளவு என்று ஏறும். ஏழு பேர் வீட்டில் அந்த முதல் தண்ணீரை ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒற்றை ஆள் முழுதையும் தானே சுமக்க வேண்டும். இதை இரண்டு முறை தவறவிட்டவன் சொந்தத் தொழில் தெரிந்தவனாக ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று சாய்சரண் மடிக்கணினியைத் திறந்தான்.

"பல அடுக்கு மாடல்னு ஒண்ணு இருக்கு சார்" என்று அடுத்த வாரம் சங்கரனிடம் சொன்னான். "நாள் வீட்டுக்குள்ள இருக்கு. வீடு பிளாக்குக்குள்ள இருக்கு. பிளாக் காம்பவுண்டுக்குள்ள இருக்கு."

"இது எனக்கே தெரியுமேப்பா. இதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?"

"எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு சராசரி பாத்தா தப்பு. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா பாத்தாலும் தப்பு. ஒரே பிளாக்ல இருக்கற வீடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் ஒத்துப்போகும். ஒரே டேங்க், ஒரே ப்ரெஷர். அதையும் கணக்குல எடுத்துக்கணும். எந்த அடுக்குல எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு பிரிச்சுப் பாக்கறது."

"இதுல யாரும் கோச்சுக்க மாட்டாளோன்னோ?"

"மாட்டாங்க சார்."

மூன்றாவது பட்டியல் வெள்ளிக்கிழமை ஏறியது. சனிக்கிழமை காலை தனபாலன் வந்தார். தியாகராய நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவர். திருநெல்வேலிப் பக்கம். நோட்டு சாய்சரண் கைக்கு வருவதற்கு ஆறு நாள் முன்புதான் பி பிளாக்குக்குக் குடிவந்திருந்தார்.

"தம்பி, நான் வந்ததுலேர்ந்து என் மீட்டர ஆறு நாள்தான் எழுதியிருக்காவ. அதுலயும் நாங்க ஊர்ல கோயில் கொடைக்குப் போயிட்டோம். சராசரி அறுவது லிட்டர். நீங்க நூத்தித் தொண்ணூறுன்னு போட்டிருக்கிய. மீதி நூத்தி முப்பது லிட்டர நான் எங்க குடிச்சேன்?"

"அது மாடல் பண்ற வேலை சார். உங்க வீட்டப் பத்தி ஆறு நாள்தான் தெரியும். அத மட்டும் நம்ப முடியாது. அதனால பி பிளாக் சராசரியப் பாத்து உங்கள அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கும்."

"என்னய எதுக்கு இழுக்கணும்? நான் ஊர்லயே இல்லங்கேன்."

சாய்சரண் யோசித்தான். பிறகு கேட்டான். "உங்க கடையில ஒரு புது ஆள் சேர்றார். முதல் நாளே இருபது பட்டுப்புடவை வித்துட்டார். அவர மேனேஜராக்கிடுவீங்களா?"

"ஆக்குவனா? ஏதோ கல்யாண பார்ட்டி வந்து விழுந்திருக்கும்."

"அடுத்த நாள் ஒண்ணுகூட விக்கல. அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படி? ஒரு மாசம் பாக்கணும்லா. அதுவரைக்கும் அவனும் மத்தவன மாதிரித்தான்னு வச்சுக்கிடுவேன்."

"மாடலும் அதத்தான் சார் பண்ணுது."

தனபாலன் அவனை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகத் தான் செய்துகொண்டிருப்பதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்த மனிதனின் முகம் அது.

"இதுக்கு என்ன பேரு சொன்னிய?"

"பல அடுக்கு மாடல்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்று அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காப்பி கேட்டார்.

அவர் போன பிறகு சாய்சரண் தம்ளர்களைக் கழுவினான். கொஞ்ச நாளே தெரிந்த வீட்டை மாடல் நம்பாது. சாய்சரணும் மாளவிகாவும் சேர்ந்திருந்தது இரண்டு வருஷம் ஐந்து மாதம். அது போதுமா போதாதா என்று எந்த மாடலையும் அவன் கேட்டதில்லை.

தனபாலனுக்குப் புரிந்ததுதான் வினையாகிவிட்டது. அன்று மாலையே அவர் சங்கரனைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம கடையில கவுண்டர் கவுண்டரா எழுதுனத மாடி மொத்தத்தோட ஒத்துப் பாப்போம் சார். ரெண்டும் ஒத்து வரணும். அடுக்குன்னா எல்லா அடுக்கையும் பாக்கணும்லா. பிளாக்குக்குன்னு ஒரு மீட்டர் மொட்டைமாடியில இருக்கு. அத யாராவது பாத்தியளா?"

யாரும் பார்க்கவில்லை. சங்கரன் மேலே ஏறிப் பார்த்தார். இரண்டு வாரம் தானே தினமும் ஏறிக் குறித்துக்கொண்டார். ஏ பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுக் கூட்டுத்தொகையும் மேல் மீட்டரும் ஒத்து வந்தன. பி பிளாக்கிலும் அப்படியே. சி பிளாக்கில் தினமும் முன்னூறு லிட்டர் உதைத்தது. டேங்கிலிருந்து இறங்கியிருக்கிறது. எந்த வீட்டுக்கும் போகவில்லை.

"இருபது குடம்" என்றார் தனபாலன். "தெனமும் இருபது குடம் எங்க போவுது?"

கேள்வி காம்பவுண்டைச் சுற்றி வந்து வாட்ச்மேன் அறை வாசலில் நின்றது. எத்திராஜின் அறை சி பிளாக்கின் கீழேதான் இருந்தது. பாத்ரூம் குழாய்களெல்லாம் இறங்குகிற சந்தோடு ஒட்டிய சுவர். எத்திராஜ் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். முட்டி போன பிறகு கடலுக்குப் போவதை விட்டு, ஏழு வருஷமாக இங்கே கேட்டைப் பார்த்துக்கொண்டார். மனைவி தங்கபுஷ்பம் மீன் விற்றாள்.

"மீன் கழுவ வேண்டாமா?" என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

"கணக்கே சொல்லுது சார்" என்றார் தனபாலன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கின்மேல் அவருக்கு வந்திருந்த புதிய பக்தியில் சொன்னார்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. பொருள்: காவலாளியை மாற்றுவது.

ஞாயிறு மதியம் சாய்சரண் கீழே இறங்கிப் போனான். எத்திராஜ் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்திராஜ், நீங்க தண்ணி எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப கூட்டத்துல சொல்லுங்க."

"சொன்னா இன்னா ஆவப் போவுது? எழுதுனது நானு. எடுத்ததும் நான்தான்னுவாங்க. வுடு சார், நீ போய் சாப்டு."

"வேலை போயிடும்."

"போனா குப்பத்துல போய்க் குந்திக்கினு இருப்பேன். இந்த வயசுல எவன் வேல தருவான்?" என்றார் எத்திராஜ். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

ஒரு ஆள் வேலையை இழக்கப் போவதற்குத் தன் கணக்கு காரணம் என்பது சாய்சரணுக்குள் எங்கேயோ போய் இடித்தது. ஐந்து மாதத்தில் எதுவும் போகாத இடம். மேலே போய் மடிக்கணினியைத் திறந்தான். முன்னூறு லிட்டர் எங்காவது இருக்க வேண்டும். சி பிளாக்கின் பதினொரு வீட்டையும் புரட்டினான். பன்னிரண்டாவதாகத் தன் வீட்டையும் முதல் தடவையாக உள்ளே சேர்த்தான்.

மனிதர்கள் இருக்கிற வீட்டில் தண்ணீர் ஒரு நாளைப் போல மறுநாள் ஓடாது. துணி துவைக்கிற நாள் ஏறும். வெளியூர் போன நாள் விழும். மாமி வீட்டில் வெள்ளிக்கிழமை நானூறு. அப்துல் சமத் வீட்டில் பெருநாளன்று ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குள்ளேயே நாளுக்கு நாள் வருகிற இந்த ஏற்ற இறக்கம்தான் மாடலின் அடி அடுக்கு. முப்பத்தைந்து வீட்டிலும் அது இருந்தது.

ஒரு வீட்டில் பூஜ்யம்.

சி ஒன்பது. ஏப்ரல் மூன்றிலிருந்து நூற்றுப் பதினெட்டு நாள். தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. ஜூனில் நான்கு நாள் அவன் அலுவலக வேலையாகப் பெங்களூரில் இருந்தான். அந்த நான்கு நாளும் தொண்ணூறு.

எழுந்து போய் மாடிப்படித் திருப்பத்திலிருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தான். நோட்டில் இருந்ததைவிட மீட்டர் முப்பத்து நான்காயிரம் லிட்டர் கூடுதலாகக் காட்டியது. சிவப்பு முள் அசையாமல் நின்றது. ஒழுக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெட்டியை மூடினான். மணி ஐந்தாகப் போகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு இறங்கினான்.

"முன்னூறு லிட்டர் என் வீட்ல போயிருக்கு" என்று எழுந்து நின்று சொன்னான். "நோட்டுல நூத்திப் பதினெட்டு நாளும் தொண்ணூறுன்னு இருக்கு, அது தப்பு. மீட்டர் சரி. எத்திராஜ் எடுக்கல."



"ஒத்தை ஆளுக்கு முன்னூறா?" என்றார் சங்கரன். "அதுவும் தொண்ணூறுக்கு மேல? என்னப்பா பண்றே?"

"குழாய் ஒழுக்கு."

"ரிப்பேர் பண்ணியாச்சா?"

"பண்ணிடறேன்."

"முடிஞ்சுது" என்றார் அப்துல் சமத். "பாவம், அந்த மனுஷன் மேல பழி போட்டீங்க. எத்திராஜ், போய் டீ குடிப்பா."

எத்திராஜ் நகரவில்லை. அவருக்கு முன்பே தனபாலன் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிசம். மீட்டர் ஒண்ணு சொல்லுது, நோட்டு ஒண்ணு சொல்லுது. நோட்டுல எழுதுனது யாரு?"

சாய்சரணுக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. திருட்டுப் பழியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றிப் பொய்க் கணக்கில் மாட்டிவிட்டிருந்தான்.

"கண்ணு செரியா தெர்லபா" என்றார் எத்திராஜ்.

"நூத்திப் பதினெட்டு நாளும் தொண்ணூறாவே மங்குச்சாக்கும்?" என்றார் தனபாலன்.

"மத்த முப்பத்தஞ்சு மீட்டரும் நன்னாத் தெரிஞ்சுதே" என்றாள் விசாலாக்ஷி மாமி. "எங்காத்துல முன்னூத்திப் பத்துன்னு கரெக்டா எழுதினியே."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்களோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எத்திராஜ் சட்டென்று திரும்பினார்.

"அவர இதுல இயுக்காத. அவருக்கு ஒண்ணியும் தெரியாது. என் கண்ணுதான் கோளாறு."

சங்கரன் நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு தீர்ப்பு சொன்னார். தபால் துறையில் நாற்பது வருஷம் இருந்தவரால் மட்டுமே அப்படி ஒரு தீர்ப்புச் சொல்ல முடியும். நாளைக்கே எத்திராஜைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். கண் கெட்டிருந்தால் சங்கம் கண்ணாடி வாங்கித் தரும், வேலையில் நீடிக்கலாம். கண் நன்றாக இருந்தால் வேலையை விட்டுப் போக வேண்டும். பரிசோதனைச் சீட்டை இரவு எட்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"கண்ணு நன்னாயிருந்தா வாட்ச்மேனை அனுப்பற ஒரே ஊர் இதுதான்" என்று மாமி முணுமுணுத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் சாய்சரண்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரின் பின்னால் எத்திராஜை உட்காரவைத்துக்கொண்டு அடையாறு சிக்னல் தாண்டி ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனான். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே பிரார்த்தனைதான். கொஞ்சமாவது கெட்டிருக்கட்டும். அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷம் கடலில் வெயிலைப் பார்த்த கண். கெடாமல் எங்கே போகும்?

பரிசோதனை செய்கிற பெண்ணின் பெயர் ஜோயா என்று சட்டையில் குத்தியிருந்தது. எத்திராஜை இருட்டறையில் உட்காரவைத்து எதிர்ச் சுவரில் எழுத்துகளை ஏற்றினாள்.

"மேல என்ன தெரியுது ஐயா?"

"ஒண்ணியும் தெர்ல."

"இவ்வளவு பெரிய எழுத்து தெரியலையா?"

"மங்கலாக் கீது. பனி மாரி."

சாய்சரணுக்கு நம்பிக்கை வந்தது. ஜோயா எதையோ எழுதிக்கொண்டே, "லைட் போடறேன், கண் கூசுனா சொல்லுங்க" என்றாள்.

"வோணாம்மா. வாசல்ல நம்ம ஸ்கூட்டர ஒருத்தன் நவுத்துறான் பாரு. சிவப்பு சொக்கா. பாக்கெட்ல பீடிக் கட்டு வச்சிகினு கீறான்" என்று எத்திராஜ் எழுந்தார்.

ஜோயா கதவு இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தாள். முப்பதடி இருக்கும். பிறகு எத்திராஜைப் பார்த்தாள். அவர் தாடையை மெஷினில் வைத்தாள். மெஷினிடம் யாரும் நடிக்க முடியாது.

"பவர் ஜீரோ சார்" என்றாள் சாய்சரணிடம். "ரெண்டு கண்ணும். பக்கத்துல படிக்கக்கூட கண்ணாடி வேண்டாம். இந்த வயசுல இப்படி நான் பாத்ததில்ல. சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க."

சீட்டை நீட்டினாள். சாய்சரண் அதை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும். "நல்ல ரிப்போர்ட்தான் சார்" என்று இன்னொரு முறை சொன்னாள்.

வெளியே வந்தார்கள். பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பின. கடை வாசலின் சிமெண்டுத் திட்டில் எத்திராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாய்சரணும் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் சீட்டு. மணி ஆறரை.

"நல்லாத் தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்க" என்றான்.

எத்திராஜ் ரோட்டைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வீட்டுக்கு சரியா எழுதிட்டு என் வீட்டுக்கு மட்டும் ஏன் கொறச்சு எழுதினீங்க?"

"கேக்காத சார்."

"காரணத்த சொன்னா ஒத்துக்குவாங்க. சங்கரன் சார் மோசமானவர் இல்ல. தனபாலன் சாரும் இல்ல. காரணம் தெரியாமத்தான் சந்தேகப்படறாங்க."

"நெஜமா எழுதியிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க? ஒத்த ஆளு ஊட்ல இன்னாத்துக்கு இத்தினி தண்ணின்னு நாலு பேரு உன் கதவாண்ட வந்து நின்னுகினு கேப்பாங்க. நீ இன்னா பதில் சொல்லுவ?"

"குழாய் ஒழுக்குன்னு சொன்னேனே."

"அத்த சொல்லும்போது நீ யாரு மூஞ்சியும் பாக்கல சார்."

சாய்சரண் சீட்டை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். இது இல்லாமல் போனால் எட்டு மணிக்கு எத்திராஜ் பாயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இதோடு போனாலும் அதுதான்.

"எத்திராஜ், நான் சொல்றத கேளுங்க. காரணம் என்னவா இருந்தாலும் சரி. நீங்க சொல்ல வேண்டாம். நானே எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்றேன். உங்க வேலை போகாது."

"உன்னால சொல்ல முடியாது சார்."

"முடியும்."

"வோணாம்."

"மாளவிகா மேல சத்தியமா சொல்றேன்."

எத்திராஜ் அவனைத் திரும்பிப் பார்த்தார். பழுதே இல்லாத கண்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டுமே கேட்கிற குரலில் சொன்னார்.

"காலைல அஞ்சரைக்கு நீ பைப்ப எவ்ளோ தொறந்து வுட்டாலும், அழுவறது கீழ கேட்டுகினுதான் சார் கீது."